மருந்து கொடுக்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்: செவிலியர் மாணவர் பகுதி

மருந்து வகைகளைப் பற்றி வந்த கேள்விகளில், வார்டில் நிற்கும்போது உடனே கைகொடுக்கக்கூடியவற்றை இம்முறை எடுத்துக்கொண்டோம். இங்கே சொல்லும் அளவுகள் பெரியவர்களுக்கானவை. உங்கள் வார்டின் நெறிமுறை இதைவிடக் கண்டிப்பாக இருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

கே: பார்மகாலஜியில் நூற்றுக்கணக்கான மருந்துப் பெயர்கள். எழுதி எழுதிப் பார்த்தாலும் தேர்வுக்கு முதல் நாள் எல்லாம் கலந்துவிடுகிறது. எப்படி நினைவில் வைப்பது?
– முதலாமாண்டு மாணவி

ப: ஒவ்வொரு பெயராகப் படித்தால் யாருக்கும் கலக்கத்தான் செய்யும். பெயரின் வாலைப் பிடியுங்கள். எனாலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' வந்தால், ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஏ.சி.இ. என்ற நொதியைத் தடுக்கும் ஏ.சி.இ. தடுப்பான். லோசார்டான், டெல்மிசார்டான் என்றால் ஆஞ்சியோடென்சின் ஏற்பியைத் தடுப்பவை. அட்டெனலால், மெட்டோப்ரலால் பீட்டா தடுப்பான்கள். 'டிபின்' என்றால் ரத்தக்குழாயைத் தளர்த்தும் கால்சியம் தடுப்பான், 'ஃப்ளாக்சசின்' என்றால் குயினலோன் ஆன்டிபயாடிக், 'ப்ரசோல்' என்றால் வயிற்று அமிலத்தைக் குறைப்பது.

ஆனால் வாலை மட்டும் நம்பினால் சில இடங்களில் சறுக்கும். அட்டோர்வாஸ்டாட்டின் கொழுப்பைக் குறைக்கும். நிஸ்டாட்டினோ பூஞ்சைக்கு எதிரான மருந்து. பான்டோப்ரசோல் வயிற்றுக்கு, அரிபிப்ரசோல் மனநோய்க்கு. 'மைசின்' இன்னும் மோசம். அசித்ரோமைசின், ஜென்டாமைசின், வான்கோமைசின், கிளிண்டாமைசின் நான்கும் நான்கு வேறு வகை. பக்கவிளைவும் வேறு வேறு. இந்த விதிவிலக்குகளைத் தனியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். தேர்விலும் இவற்றைத்தான் கேட்பார்கள், வார்டில் தவறு நடப்பதும் இவற்றில்தான்.

பிறகு, ஒரு வகைக்கு ஒரு தாள் எடுத்து நான்கே கேள்விக்குப் பதில் எழுதுங்கள். உடலில் எங்கே வேலை செய்கிறது? எதற்காகக் கொடுக்கிறோம்? கொடுக்குமுன் எதைப் பார்க்க வேண்டும்? கொடுத்தபின் எதைக் கவனிக்க வேண்டும்? முதல் கேள்விக்கான பதில் சரியாகப் புரிந்துவிட்டால் மற்ற மூன்றையும் பெரும்பாலும் மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஏ.சி.இ. தடுப்பானையே பாருங்கள். ஏ.சி.இ. நொதிதான் உடலில் பிராடிகைனின் என்ற, ரத்தக்குழாயை விரிக்கும் பொருளைச் சிதைக்கிறது. நொதியைத் தடுத்தால் பிராடிகைனின் தேங்கும். அதனால் வறட்டு இருமல் வரும், அரிதாக உதடும் நாக்கும் வீங்கும். பொட்டாசியத்தை வெளியேற்றும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் குறைவதால் பொட்டாசியம் ஏறும். சிறுநீரகத்தின் வடிகட்டும் அழுத்தம் குறைவதால், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. கருவுற்றவர்களுக்கு இந்த வகை கூடாது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கே: நோயாளிக்கு ரத்த அழுத்தம் 124/80, நாடி 52. காலை மருந்தில் அட்டெனலாலும் அம்லோடிபினும் இருக்கின்றன. பிரஷர் சரியாக இருப்பதால் இரண்டையும் கொடுத்துவிடலாமா?

ப: அட்டெனலாலைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். பீட்டா தடுப்பான் இதயத் துடிப்பையே மெதுவாக்குவது. நாடி 60-க்குக் கீழோ, சிஸ்டாலிக் அழுத்தம் 100-க்குக் கீழோ இருந்தால் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அம்லோடிபின் ரத்தக்குழாயில்தான் வேலை செய்கிறது, நாடியைக் குறைக்காது. அதற்கு அழுத்தத்தையும் கணுக்கால் வீக்கத்தையும் பார்த்தால் போதும். ஆனால் கால்சியம் தடுப்பான் என்ற அதே பெயரின் கீழ் வரும் வெராபமிலும் டில்டியாசெமும் நாடியைக் குறைக்கும். அவற்றைப் பீட்டா தடுப்பானோடு சேர்த்து எழுதியிருந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள்.

நிறுத்தி வைத்ததை, காரணத்தோடும் நேரத்தோடும் மருந்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் வேறு ஆபத்து வரும். திடீரென நின்ற பீட்டா தடுப்பான், படபடப்பையும் நெஞ்சுவலியையும், சிலருக்கு மாரடைப்பையும்கூடக் கொண்டுவரும். ஆஸ்துமா உண்டா என்றும் கேளுங்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்துகூட மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். சர்க்கரை நோயாளி என்றால், சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மருந்து மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. அவருக்குச் சில்லென்று வியர்த்தால் குளுக்கோமீட்டரை எடுத்துவிடுங்கள்.

கே: இதயச் செயலிழப்பு நோயாளிக்கு ஃப்ரூசெமைடும் டிஜாக்சினும் போகிறது. சிஸ்டர் தினமும் பொட்டாசியம் ரிப்போர்ட் வந்ததா என்று கேட்கிறார். சிறுநீர் மருந்துக்கும் இதய மருந்துக்கும் பொட்டாசியத்துக்கும் என்ன தொடர்பு?
– இரண்டாமாண்டு மாணவர்

ப: நல்ல கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் மூன்று மருந்துகள் ஒரே மூச்சில் புரிந்துவிடும்.

ஃப்ரூசெமைடு சிறுநீரகத்தில் ஹென்லே வளைவின் ஏறுமுகப் பகுதியில் சோடியத்தையும் குளோரைடையும் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. உப்போடு நீர் வெளியேறும், கூடவே பொட்டாசியமும் போகும். டிஜாக்சின் இதயத் தசையில் உள்ள சோடியம்–பொட்டாசியம் பம்பில் போய் ஒட்டுகிறது. அந்த இடத்துக்குப் பொட்டாசியமும் போட்டி போடுகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் போட்டிக்கு ஆள் இல்லை. டிஜாக்சின் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். டோஸை யாரும் கூட்டவில்லை, ரத்தத்தில் டிஜாக்சின் அளவும் இயல்பாகவே இருக்கிறது, ஆனாலும் நோயாளிக்கு நஞ்சாகிவிடும். பொட்டாசியம் 3.5-லிருந்து 5.0 மி.மோல்/லிட்டருக்குள் இருக்கிறதா என்று சிஸ்டர் கேட்பது இதற்காகத்தான்.

டிஜாக்சின் கொடுக்குமுன் மணிக்கட்டு நாடி போதாது. இடப்பக்கம் ஐந்தாவது விலா இடைவெளியில், காரை எலும்பின் நடுக்கோட்டுக்கு நேராக ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் இங்கே உதவாது. தாளம் தவறிய இதயத்தில் அந்தக் கணக்குப் பொய் சொல்லும். 60-க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்தி வைத்துத் தெரிவியுங்கள். பசியின்மை, குமட்டல், வாந்தி, பார்வையில் மஞ்சள் அல்லது பச்சை நிறம், முதியவர்களுக்குத் திடீர்க் குழப்பம் இவை நஞ்சாவதன் அறிகுறிகள். 'தாத்தாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை' என்று உறவினர் சொல்வதை வயசாகிவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஃப்ரூசெமைடைக் காலையில் கொடுங்கள். இரண்டாவது வேளை இருந்தால் மதியத்தோடு முடியட்டும். இரவில் கொடுத்தால் நோயாளி அடிக்கடி எழுந்து, தூக்கக் கலக்கத்தில் விழுவார். எடையைத் தினமும் ஒரே எடைக்கருவியில், காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன் பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் போயிருக்கிறது. உட்கொண்டது–வெளியேறியது பதிவில் எப்போதும் ஏதாவது விட்டுப்போகும். எடையில் அது நடக்காது. நரம்பு வழியாக அதிக டோஸ் கொடுக்கும்போது நிமிடத்துக்கு 4 மி.கி.க்கு மேல் வேகம் கூடாது. அவசரப்பட்டால் காது இரையும், கேட்கும் திறனே போகலாம்.

பொட்டாசியம் குறைந்துவிட்டால் பொட்டாசியம் குளோரைடு எழுதுவார்கள். இந்த ஆம்பியூலை நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். எந்தச் சூழலிலும், யார் சொன்னாலும் செய்யக் கூடாது. கை நரம்பில் போகும் திரவத்தில் லிட்டருக்கு 40 மி.மோலுக்கு மேல் சேர்க்காமல், மணிக்கு 10 மி.மோலுக்கு மேல் ஓட்டாமல் வார்டில் கொடுக்க வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் பையில் ஊசியால் சேர்த்துவிட்டு அப்படியே ஓடவிட்டால், அடர்த்தியான பொட்டாசியம் அடியில் தங்கி முதலில் அதுவே மொத்தமாக உள்ளே போகும். பையை இறக்கி, மருந்தைச் சேர்த்து, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கிய பிறகே மாட்டுங்கள். நோயாளிக்குச் சிறுநீர் போகிறதா என்று அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

ஸ்பைரோனோலாக்டோன் என்ற சிறுநீர் மருந்து மட்டும் இதற்கு நேர்மாறு. அது பொட்டாசியத்தைத் தேக்கும். அதோடு 'ப்ரில்' அல்லது 'சார்டான்' சேர்ந்தால் பொட்டாசியம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கே: பான்டோப்ரசோலை ஏன் சாப்பாட்டுக்கு முன் கொடுக்கச் சொல்கிறார்கள்?

ப: வேலை செய்துகொண்டிருக்கும் அமிலப் பம்புகளைத்தான் இந்த வகையால் பூட்ட முடியும். பம்புகளை எழுப்பிவிடுவது உணவு. அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும் என்பதால் அரை மணி நேரம் முன்னதாகக் கொடுக்கிறோம்.

கே: தெளிந்த இன்சுலினை முதலில் எடு, கலங்கியதைப் பிறகு எடு என்கிறார்கள். மாற்றி எடுத்தால் என்ன ஆகும்? சிரிஞ்சிலும் இரண்டு வகை இருக்கிறதே?
– மூன்றாமாண்டு மாணவி

ப: தெளிந்தது ரெகுலர் இன்சுலின், கலங்கியிருப்பது என்.பி.எச். அதில் புரோட்டமைன் என்ற புரதம் சேர்த்திருப்பதால்தான் மெதுவாக வேலை செய்கிறது. அதில் ஒரு துளி ரெகுலர் வயலுக்குள் போனால், அங்குள்ள ரெகுலரும் மந்தமாகத் தொடங்கும். அடுத்து அந்த வயலிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டோஸும் சந்தேகத்துக்குரியதே.

8 யூனிட் ரெகுலரும் 12 யூனிட் என்.பி.எச்.சும் என்று வைத்துக்கொள்வோம். என்.பி.எச். வயலை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்திருபது முறை உருட்டுங்கள். குலுக்கினால் நுரைத்து அளவு தப்பும். இரண்டு வயலின் ரப்பர் மூடியையும் ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிடுங்கள். 12 யூனிட் காற்றை இழுத்து, ஊசி முனை மருந்தில் படாமல் என்.பி.எச். வயலுக்குள் செலுத்தி வெளியே எடுங்கள். அடுத்து 8 யூனிட் காற்றை ரெகுலருக்குள் செலுத்தி, வயலைக் கவிழ்த்து 8 யூனிட் எடுத்துக் குமிழிகளை நீக்குங்கள். கடைசியாக என்.பி.எச். வயலில் குத்தி மொத்தம் 20 கோடு வரை இழுங்கள். 22 வந்துவிட்டதென்றால் திருப்பித் தள்ளக் கூடாது. சிரிஞ்சோடு கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். கிளார்ஜின் என்ற இன்சுலின் தெளிவாக இருந்தாலும் எதனோடும் கலக்கக் கூடாது. அது அமிலத் தன்மையுள்ள கரைசல்; கலந்தால் அதன் நிதான வேகம் கெட்டுவிடும்.

சிரிஞ்சு விஷயத்தில்தான் பெரிய ஆபத்து. மி.லி.க்கு 40 யூனிட் உள்ள வயலுக்குச் சிவப்பு மூடியுள்ள 40 சிரிஞ்சு. 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடியுள்ள 100 சிரிஞ்சு. 40 சிரிஞ்சில் 20-ஆவது கோடு என்றால் அரை மி.லி. அதில் 100 யூனிட் இன்சுலினை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். மாறாக, 40 யூனிட் மருந்தை 100 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் போவது 8 யூனிட் மட்டும். வயலின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்பதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

ரெகுலரை உணவுக்கு அரை மணி முன்பும், லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற அதிவேக வகையை 15 நிமிடத்துக்குள்ளும் போட வேண்டும். சாப்பாட்டுத் தட்டு எப்போது வரும் என்று தெரியாமல் ஊசியை எடுக்காதீர்கள். காலையில் போட்ட என்.பி.எச். பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் உச்சத்தைத் தொடும். மாலையில் சோர்ந்து வியர்த்தால் அதை நினையுங்கள். சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே போனால், விழிப்போடு இருப்பவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். நினைவு தப்பியவருக்கு வாய்வழியாக எதுவும் ஊற்றக் கூடாது. நரம்பு வழி டெக்ஸ்ட்ரோஸ் அல்லது தசையில் 1 மி.கி. குளுக்ககான் என்று மருத்துவர் சொல்வார். அதற்குள் தயாராக எடுத்து வையுங்கள்.

கே: ஹெப்பாரினும் வார்ஃபரினும் ரத்தம் உறையாமல் தடுப்பவைதானே? ஒரே நோயாளிக்கு இரண்டையும் எழுதியிருப்பது தவறில்லையா?

ப: தவறில்லை. ஹெப்பாரின் உடனே வேலை செய்யும். வார்ஃபரினோ ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் உறைவுக் காரணிகளை ஒன்றும் செய்யாது. கல்லீரல் புதிதாகச் செய்வதை மட்டும் தடுக்கும். பழையவை தீர நாலைந்து நாள் ஆகும். அதோடு, உறைவைக் கட்டுப்படுத்தும் புரோட்டீன் சி முதலில் குறைவதால், வார்ஃபரினைத் தனியாகத் தொடங்கினால் ஆரம்ப நாட்களில் ரத்தக்கட்டி உருவாகும் போக்கு கூடவும் செய்யலாம். ஆகவே குறைந்தது 5 நாள், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2-ஐத் தொட்டு ஒரு நாள் நிலைக்கும் வரை இரண்டும் சேர்ந்து போகும்.

பார்க்க வேண்டிய உறைவுச் சோதனை ஹெப்பாரினுக்கு ஏ.பி.டி.டி., வார்ஃபரினுக்கு ஐ.என்.ஆர்.; முறிவு மருந்து முன்னதற்குப் புரோட்டமைன், பின்னதற்கு வைட்டமின் கே. ஈறு, சிறுநீர், மலத்தின் நிறம், ஊசி போட்ட இடம் ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். தட்டணுக்கள் சரிகின்றனவா என்றும் ஹெப்பாரின் போகும்போது கவனிக்க வேண்டும். ஹெப்பாரின் வகையான எனாக்ஸாபரின் முன்நிரப்பிய சிரிஞ்சில் வந்தால் உள்ளிருக்கும் காற்றுக் குமிழியை வெளியேற்றாதீர்கள். மருந்து முழுவதும் உள்ளே போக அது உதவும். தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி வயிற்றுத் தோலை மடித்துப் போடுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்.

கே: 2 மணிக்குப் போட வேண்டிய ஆம்பிசிலினை வேலை நெருக்கடியில் 4 மணிக்குப் போட்டால் என்ன கெட்டுவிடும்? ஜென்டாமைசினை நாளுக்கு ஒரே வேளைதானே போடுகிறோம்?

ப: இரண்டும் கிருமியைக் கொல்லும் விதம் வேறு. பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகள் கிருமி சுவர் கட்டும்போது அதைக் கெடுக்கின்றன. ரத்தத்தில் மருந்து தேவையான அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் பலன் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு ஆம்பிசிலின் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இரண்டு மணி நேரத் தாமதம் என்றால் கிருமி தடையின்றிப் பெருகும் இரண்டு மணி நேரம். ஜென்டாமைசினுக்கு உச்ச அளவுதான் முக்கியம்; அளவு இறங்கிய பின்னும் கிருமி கொஞ்ச நேரம் தலைதூக்காது. நடுவே மருந்தின் அளவு நன்றாக இறங்கினால்தான் சிறுநீரகமும் உட்காதும் தப்பிக்கும். கிரியேட்டினின், சிறுநீர் அளவு பாருங்கள். காது இரைகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். இந்த இரண்டு மருந்தையும் ஒரே சிரிஞ்சில் கலக்கவே கூடாது. ஒன்று மற்றதைச் செயலிழக்கச் செய்யும்.

வேகமும் கவனிக்க வேண்டியதே. வான்கோமைசின் 1 கிராமைக் குறைந்தது 60 நிமிடத்தில் ஓட்டுங்கள். வேகமாகப் போனால் முகம், கழுத்து, மார்பு சிவந்து அரிக்கும், அழுத்தம் விழும். ஓட்டத்தை நிறுத்தித் தெரிவியுங்கள். செஃப்ட்ரியாக்சோனை கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட்டோடு ஒரே குழாயில் விடாதீர்கள், படிகமாகிவிடும். கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) எழுதியிருந்தால் முதல் டோஸுக்கு முன்பே மாதிரியை எடுத்துவிடுங்கள்.

கே: அட்ரினலின் 1:1000, 1:10,000 குழப்பமாக இருக்கிறது.

ப: 1:1000 என்றால் 1000 மி.லி.யில் 1 கிராம். அதாவது 1 மி.லி.யில் 1 மி.கி. 1:10,000 அதைப் பத்து மடங்கு நீர்த்தது; 10 மி.லி.யில் 1 மி.கி. உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமையான அனஃபிலாக்சிஸுக்கு 1:1000-இல் 0.5 மி.லி., தொடையின் நடு வெளிப்பக்கத் தசையில். சரியாகாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடி. இதயம் நின்றவருக்கு 1:10,000-இல் 10 மி.லி. நரம்பில், 3–5 நிமிடத்துக்கு ஒருமுறை. நாடி ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வாமை நோயாளிக்கு இந்த இரண்டாவது அளவை நரம்பில் ஏற்றுவதுதான் நடக்கக் கூடாத தவறு. ஆன்டிஹிஸ்டமினும் ஹைட்ரோகார்ட்டிசோனும் அட்ரினலினுக்குப் பிறகு வருபவை. அவற்றைத் தேடிக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள், சட்டென்று எழ விடாதீர்கள். மூச்சுத் திணறுபவர் மட்டும் சாய்ந்து உட்காரலாம்.

கே: மார்ஃபின் ஊசிக்குப் பிறகு மூச்சு எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதுமா?

ப: போதாது. மூச்சு குறையும் முன்பே மயக்கம் கூடும். கூப்பிட்டால் கண் திறப்பவர், பேச்சின் நடுவிலேயே தூங்கிவிழுந்தால் அதுவே முதல் எச்சரிக்கை மணி. மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள்; 10-க்குக் கீழே போனால் உடனே அழையுங்கள். மார்ஃபினை முறிக்கும் நலாக்சோன் 0.4 மி.கி. ஆம்பியூலைச் சலைனில் 10 மி.லி.யாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது வழக்கம். மூச்சு திரும்ப வேண்டும், வலி ஒரேயடியாகத் திரும்பக் கூடாது. நலாக்சோன் ஒரு மணி நேர அளவில் தீர்ந்துவிடும், மார்ஃபின் அதற்கு மேலும் நிற்கும். விழித்துவிட்டார் என்று விலகிப் போனால் மறுபடி மூச்சு அடங்கும். மலச்சிக்கல் மட்டும் எத்தனை நாளானாலும் பழகாது. மார்ஃபின் தொடரும் நோயாளிக்கு மலமிளக்கி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கே: மூக்குக் குழாய் உள்ள நோயாளிக்கு எல்லா மாத்திரையையும் பொடித்துக் கொடுக்கலாமா?

ப: கூடாது. நீடித்து வெளிவிடும் மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்கப் போக வேண்டியது ஒரே நேரத்தில் போகும். குடலில் கரையும்படி பூசிய மாத்திரையைப் பொடித்தால் வயிற்று அமிலம் மருந்தைக் கெடுக்கும், அல்லது மருந்து வயிற்றைப் புண்ணாக்கும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., இ.சி. என்று இருந்தால் மருந்தாளரிடம் கேட்டு, திரவ வடிவமோ மாற்று மருந்தோ வாங்குங்கள். பொடிக்கக்கூடியவற்றையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே நீரில் கரைத்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் நீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். வலிப்பு மருந்தான ஃபெனிடோயின் இருந்தால் மருந்துக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் குழாய் உணவை நிறுத்தச் சொல்வார்கள்; உணவோடு சேர்ந்தால் அது சரியாக உறிஞ்சப்படாமல், நன்றாக இருந்தவருக்கு வலிப்பு திரும்ப வரும்.